குற்றாலம் என்று எழுதாத சீட்டு

கெட்டித் தாள் ஒன்றில் காய்ந்த செடி. இலைகள் பழுப்பேறிப் போயிருக்கின்றன, ஆனால் நரம்புகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. தாளின் ஓரத்தில் சிறியதாக ஓர் அச்சுச் சீட்டு. ராபர்ட் வைட்டின் சேகரிப்பு, இங்கிலாந்தின் க்யூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 1866–67இல் அனுப்பப்பட்டது, ஓர் எண். இடம் என்ற வகையில் லத்தீனில் இருப்பது கிழக்கிந்தியத் தீபகற்பம் என்று பொருள்படும் சில சொற்கள்தான்.

ராபர்ட் வைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், ஸ்காட்லாந்துக்காரர். 1819இல் இந்தியா வந்தவர் 1853இல்தான் திரும்பிப் போனார். 1830களின் நடுவில் அவருடைய படைப்பிரிவு பாளையங்கோட்டையில் இருந்தது. அங்கிருந்து குற்றாலம் வந்து செடிகளைத் திரட்டினார். அருவிகளைச் சுற்றிய அந்தச் சிறிய நிலப்பரப்பில் இத்தனை வகைத் தாவரங்களா என்ற அவருடைய வியப்பு அவர் எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது. முதுமையில் அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, ஒரே செடியின் கூடுதல் படிகளைக் க்யூ தோட்டம் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பல நாட்டுக் காப்பகங்களுக்கு அனுப்பியது. அனுப்பும் வேலை எளிதாக வேண்டும் என்பதற்காகப் பெரும் எண்ணிக்கையில் ஒரே மாதிரிச் சீட்டு அச்சடித்து ஒட்டினார்கள். அந்தச் சீட்டில் குற்றாலம் இல்லை, பழனி இல்லை, நீலகிரி இல்லை. தென்னிந்தியா முழுவதும் ஒரே இடமாகிவிட்டது.

செடி அழியவில்லை. பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் 1835 வாக்கில் குற்றால மலையில் இந்தச் செடி இருந்ததா, இன்று இல்லையென்றால் எப்போது போயிற்று என்று கேட்கிற ஆய்வாளருக்கு அந்தத் தாள் பதில் சொல்லாது. பொருளைக் காப்பாற்றிவிட்டு அதைப் பற்றிய நாலு வரியைக் கைவிட்டதால் வந்த இழப்பு இது. அந்த நாலு வரிக்குத்தான் இன்று மெட்டாடேட்டா என்று பெயர். தமிழில் மீதரவு என்கிறோம். எது, யாருடையது, எங்கே, எப்போது, எந்த மொழியில், யார் பயன்படுத்தலாம் என்று ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் குறிப்புகளின் தொகுதி.

ஆய்வேடு, ஒளிப்படம், அளவீட்டு அட்டவணை, ஓலைச்சுவடியின் நகல் என எல்லாவற்றையும் இன்று மின்களஞ்சியங்களில் சேர்க்கிறோம். சேர்ப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி அந்த நாலு வரி. அதை யார், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு உலகம் ஓர் ஒழுங்கை உண்டாக்கியிருக்கிறது. தென்காசி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஒழுங்கு ஏன் தேவை, எங்கே போதவில்லை என்ற இரண்டும் தெரியும்.

1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் நூலகர்களும் கணினிக்காரர்களும் கூடினார்கள். அயர்லாந்தின் டப்ளின் அல்ல, இது வேறு ஊர். இணையத்தில் குவியத் தொடங்கிய ஆவணங்களை விவரிக்க, நூலகப் பயிற்சி இல்லாதவரும் நிரப்பக்கூடிய எளிய படிவம் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அங்கே தொடங்கிய வேலை 15 கட்டங்களில் வந்து நின்றது: தலைப்பு, படைத்தவர், பொருள், சுருக்கம், வெளியிட்டவர், துணைநின்றவர், நாள், வகை, வடிவம், அடையாளக் குறி, மூலம், மொழி, தொடர்பு, இட கால எல்லை, உரிமை. இதுவே டப்ளின் கோர். பின்னர் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எந்தக் கட்டமும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பலாம். அதன் வலிமையும் பலவீனமும் இந்தத் தாராளம்தான். 2001இல் வந்த அறுவடை நெறிமுறை ஒன்று, ஒரு களஞ்சியம் தன் குறிப்புகளை இன்னொரு களஞ்சியத்துக்குத் தானாக ஒப்படைக்க வழிசெய்தது. அந்தப் பரிமாற்றத்துக்கும் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச மொழி டப்ளின் கோர்தான். திருநெல்வேலியில் பதிவேற்றிய ஒன்று பெர்லினில் தேடுபவருக்குக் கிடைப்பது இப்படித்தான்.

கிடைக்க வேண்டுமானால் தேடுபவர் தட்டும் சொல்லும் பதிவில் உள்ள சொல்லும் பொருந்த வேண்டும். இங்கேதான் நம் ஊர்ப் பெயர் சிக்கலாகிறது.

குற்றாலம் என்று எழுதுகிறோம். எங்கள் பக்கத்தில் வாய் அதைக் குத்தாலம் என்றுதான் சொல்லும். 'குத்தாலத்துல சாரல் நல்லா இருக்காம்' என்று சொல்லித்தான் வண்டி ஏறுவார்கள். ஆங்கில எழுத்தில் வெள்ளைக்காரர்கள் கோர்ட்டாலம் என்று தொடங்கினார்கள், அதிலேயே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் உண்டு. இன்று குட்ரால்லம், குட்டாலம், குற்ராலம் என்றெல்லாம் தட்டுகிறார்கள். ஆய்வு நூலகங்கள் மேற்கோடு கீழ்க்கோடு இட்ட தனி எழுத்துபெயர்ப்பில் எழுதுகின்றன. மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊர். கணினிக்கு ஒவ்வொன்றும் தனி ஊர். இது போதாதென்று காவிரிக் கரையில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் குத்தாலம் என்ற பெயரிலேயே ஒரு பேரூர் இருக்கிறது. தமிழில் எழுதினால் றகரம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வேறுபாடு கரைந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவிச் செடி டெல்டாவின் வயல்வெளியில் போய் உட்கார்ந்துவிடும்.

பெயரை விட்டு மாவட்டத்தைப் பிடிக்கலாம் என்றால் அதுவும் நழுவுகிறது. 1985இல் குற்றாலத்தில் எடுத்த ஓர் ஒளிப்படத்துக்கு மாவட்டம் திருநெல்வேலி. 1990இல் எடுத்ததற்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டதால் மறுபடியும் திருநெல்வேலி. 2019 நவம்பர் 22க்குப் பிறகு தென்காசி மாவட்டம். பக்கத்திலேயே இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தது. ஆகவே 1930இல் செங்கோட்டையில் பறித்த செடியின் சீட்டில் திருவிதாங்கூர் என்றிருக்கும். தமிழ்நாட்டுச் செடிகளைத் தேடும் மாணவி அதைப் பார்க்கவே மாட்டாள். யாரும் தவறு செய்யவில்லை. எல்லாச் சீட்டுகளும் எழுதிய நாளில் சரியானவையே.

இதற்கு என்ன செய்வது? பழைய சீட்டுகளை எல்லாம் திருத்தித் தென்காசி மாவட்டம் என்று மாற்றிவிடலாம் என்று முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் 1866இன் அச்சுச் சீட்டு செய்த அதே பிழையை நாமும் செய்கிறோம். நாளை மாவட்டம் மறுபடி மாறலாம். நாம் ஊகித்த இடம் தவறாகவும் இருக்கலாம். மூலச் சொல் போய்விட்டால் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு பிடி இருக்காது.

உயிரினப் பதிவுகளுக்காக உருவான டார்வின் கோர் என்ற தரநிலை இதற்கு அழகான தீர்வு வைத்திருக்கிறது. டப்ளின் கோரைப் பின்பற்றிப் பெயரிடப்பட்டு, 2009இல் முறையாக ஏற்கப்பட்டது. உலகெங்கும் உள்ள காப்பகங்களின் உயிரினப் பதிவுகளைக் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட உலக உயிர்ப்பன்மைத் தகவல் அமைப்பு ஒரே இடத்தில் திரட்டுவது இதன் துணையால்தான். அதில் இடத்துக்கு ஒரு கட்டம் அல்ல, பல கட்டங்கள். ஒன்றில் சீட்டில் உள்ளபடியே, எழுத்துப்பிழையோடு, சுருக்கெழுத்தோடு, அப்படியே எழுத வேண்டும். இன்னொன்றில் இன்றைய புரிதலில் அந்த இடம் எது என்று எழுதலாம். நாடு, மாநிலம், மாவட்டம் தனித்தனி. அட்சரேகை, தீர்க்கரேகை தனி. அந்த எண்களை யார், எப்போது, எதை வைத்துக் கணித்தார் என்பதற்கும் தனிக் கட்டம். எத்தனை மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதற்கும் ஒன்று.

இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். குற்றாலத்தில் அது எவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரருவி இருக்கும் இடத்தை 8.93 பாகை வடக்கு, 77.27 பாகை கிழக்கு என்று இரண்டு தசம இடத்தில் எழுதினால், ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வரை இப்படி அப்படி நகரலாம். தஞ்சாவூர் வயலில் 1 கிலோமீட்டர் நகர்ந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. இங்கே நிலம் செங்குத்தாக ஏறுகிறது. அருவியின் அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிறது. அங்கிருந்து மலை சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி என்று ஏறி 1,000 மீட்டரைத் தாண்டிப் போகிறது. கீழே முட்புதரும் வறண்ட காடும், மேலே இருண்ட ஈரக்காடு. கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு வேறு உலகங்கள். குற்றாலம் என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு புள்ளியும் மட்டும் இருந்தால், மலைமுகட்டுச் செடியைக் கணினி பேருந்து நிலையத்தில் நட்டுவிடும். 'பிழை எல்லை 5,000 மீட்டர்' என்று ஒரு வரி இருந்தால், காலநிலை மாற்றத்தால் செடிகள் மேலேறுகின்றனவா என்று ஆராய்பவர் அந்தப் பதிவை எச்சரிக்கையோடு கையாள்வார், வேண்டாமென்றால் ஒதுக்குவார்.

இன்னொரு பொறியும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் வைத்திருந்தது. ஜாதிக்காயும் கிராம்பும் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாகவே வளரும் காட்டு ஜாதிக்காய் இனங்களும் இருக்கின்றன. ஆகவே குற்றாலத்து ஜாதிக்காய் என்று ஒரு தாளில் எழுதியிருந்தால், அது தோட்டத்து மரமா காட்டு மரமா என்ற கேள்வி எழும். இயற்கையானதா, கொண்டுவந்து நட்டதா என்று குறிக்க டார்வின் கோரில் கட்டம் இருக்கிறது. பறிக்கும் நாளில் ஒரு சொல் எழுதினால் போதும், இருநூறு ஆண்டு கழித்து அதே சொல்லுக்கு ஓர் ஆய்வேடே எழுத வேண்டியிருக்கும்.

யார் என்ற கட்டத்துக்கு வருவோம். வைட்டின் நூல்களில் உள்ள செடி ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள். வைட் அவர்கள் பெயரைப் படங்களின் அடியில் அச்சிட்டார், கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்தையே அமைத்தார். அந்தக் காலத்தில் இது பெரிய மரியாதை. ஆனாலும் நூலகப் பட்டியல்களில் படைத்தவர் என்ற கட்டத்தில் வைட் மட்டுமே நெடுங்காலம் இருந்தார். மலையேறிச் செடி பறித்துவந்த உள்ளூர்ச் சேகரிப்பாளர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள். சேகரித்தவர் கட்டத்தில் வைட்டின் பெயர் இருக்கிறது, வழுக்குப் பாறையில் கால் வைத்தவரின் பெயர் இல்லை. தரநிலை அதைத் தடுக்கவில்லை. டார்வின் கோரில் சேகரித்தவர் கட்டத்தில் எத்தனை பெயரை வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம். டப்ளின் கோரில் துணைநின்றவர் கட்டம் அதற்காகவே இருக்கிறது. எழுத நினைத்தால் எழுதலாம் என்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இன்றும் கள ஆய்வுக்கு வழிகாட்டும் பளியர்களின் பெயர் முன்னுரையில் ஒரு நன்றி வரியில் நின்றுவிடுகிறது, பதிவுக்குள் வருவதில்லை.

தமிழ்ப் பெயருக்கே ஒரு தனி இடைஞ்சல் உண்டு. உலகப் படிவங்கள் குடும்பப் பெயர், தனிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். கட்டாயத்துக்காக ஒருவர் ஒரு முறை தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராகப் போடுவார், அடுத்த முறை அப்பாவின் முழுப் பெயரைப் போடுவார். ஐந்து கட்டுரை எழுதியவர் மூன்று ஆட்களாகப் பிரிந்துவிடுவார். ஒரே தலைப்பெழுத்துள்ள நான்கு முருகன்கள் ஒரே ஆளாகச் சேர்ந்தும் விடுவார்கள். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் இதற்காகவே வந்தது. பூவின் பெயர் போல ஒலித்தாலும் இது 16 இலக்க எண். கடைசி இலக்கம் முந்தைய 15ஐ வைத்துக் கணக்கிடப்படுவது, தட்டச்சுப் பிழையை அது காட்டிக்கொடுக்கும். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. காலமானவர்களுக்கு நூலகர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். குற்றாலத்தில் வாழ்ந்த டி. கே. சி., ரசிகமணி, டி. கே. சிதம்பரநாத முதலியார் எல்லாம் 1882இல் பிறந்து 1954இல் மறைந்த ஒரே மனிதர் என்று ஓர் அதிகாரக் கோப்பில் குறித்துவைத்து, எந்தப் பெயரில் தேடினாலும் அவரிடம் கொண்டுசேர்ப்பார்கள்.

இந்தியாவின் பெரிய ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்காவைப் பார்க்கும்போது இந்தத் தரநிலைகள் உள்ளூருக்கு ஏற்ப வளைவதைக் காணலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்கச் சொன்னதை அடுத்து, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. அடித்தளம் டிஸ்பேஸ் என்ற திறமூல மென்பொருள். ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் 10603 என்று தொடங்கும் நிரந்தர முகவரி கிடைக்கிறது. இணையதளத்தின் பெயரோ வடிவமோ மாறினாலும் அந்த முகவரி வழியே ஆய்வேட்டை அடையலாம் என்பது ஏற்பாடு. டப்ளின் கோரின் 15 கட்டங்களில் நெறியாளருக்குத் தனி இடம் இல்லை. நம் ஆய்வுலகத்தில் நெறியாளர் யார் என்பது முதல் கேள்வி. சோத்கங்காவின் பதிவில் ஆய்வாளருக்கு அடுத்த வரியே நெறியாளர். அருவிகளின் நீர்த்தரம், சிற்றாற்றுப் பாசனம், குற்றாலச் சுற்றுலா என்று இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் வெளியுலகைச் சந்திப்பது இப்படியொரு பதிவின் வழியேதான்.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்கு இந்தப் பதிவு உயிர்நாடி. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளம். திரையில் தமிழாகத் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். தேடுபொறிக்குத் தெரிவது அந்தக் குவியல்தான். உள்ளே 300 பக்கம் குற்றாலத்தைப் பற்றி இருந்தாலும் ஒருமுறைகூடக் குற்றாலம் என்ற சொல் அதற்குக் கிட்டாது. வெளியே யூனிகோடில் எழுதிய தலைப்பும் சுருக்கமும் குறிச்சொற்களும்தான் அந்த ஆய்வேட்டின் ஒரே வாசல். தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்துபெயர்ப்பில் ஒருமுறை, மொழிபெயர்ப்பில் ஒருமுறை, ஒவ்வொன்றும் எந்த மொழி என்ற குறியோடு எழுதத் தரநிலையில் இடம் உண்டு. மூன்றையும் நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். மூன்று ஆண்டு உழைப்புக்கு அந்த ஐந்து நிமிடத்தைத் தர வேண்டும் என்று ஆய்வு மாணவர்களைக் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

நாள் என்ற கட்டத்தில் தென்காசிக்கென்று ஒரு சுவை இருக்கிறது. இந்தப் பக்கத்து ஓலைகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு புழங்கியது. அது கி.பி. 825இல் தொடங்குவது, ஆகஸ்ட் நடுவில் ஆவணியோடு புத்தாண்டு. கொல்லம் 1100 என்று மட்டும் ஓர் ஓலையில் இருந்தால், அது 1924 ஆகஸ்டிலிருந்து 1925 ஆகஸ்ட் வரை எந்த நாளாகவும் இருக்கலாம். 1924 என்றோ 1925 என்றோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுவது ஊகம். சர்வதேச நாள் தரநிலை இரண்டு நாள்களுக்கு நடுவே ஒரு சாய்கோடு போட்டுக் கால இடைவெளியாக எழுத அனுமதிக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் கொல்லம் 1100 என்று உள்ளபடியே எழுதிவிட்டால் பின்வருபவர் சரிபார்க்கலாம்.

தென்காசிப் பெரிய கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியனின் காலத்துக் கல்வெட்டு மரபே இதைச் செம்மையாகச் செய்திருக்கிறது. சக ஆண்டு, அரசனின் ஆட்சியாண்டு, மாதம், கிழமை, திதி, நட்சத்திரம் என்று ஒரே நாளைப் பல வழியில் சொல்வார்கள். ஒன்று சிதைந்தாலும் மற்றவற்றை வைத்து நாளைக் கணித்துவிடலாம். கொடுத்தவர், பெற்றவர், நான்கெல்லை, சாட்சி என மற்ற கட்டங்களும் வரிசை மாறாமல் இருக்கும். அந்தக் கோயிலில் பாண்டியன் ஒரு வேண்டுகோளையும் பொறித்துவைத்தான். பின்னாளில் இதில் பழுது நேர்ந்தால் சரிசெய்து காப்பவர்களின் அடியை நான் வணங்குகிறேன் என்பது அதன் பொருள். களஞ்சியம் நடத்தும் எவரும் போய்ப் படிக்க வேண்டிய கல்.

எல்லாவற்றையும் துல்லியமாக எழுதிவிடுவது எப்போதும் நல்லதா என்றால், இல்லை. அரிய ஆர்க்கிட்டோ மருந்துச் செடியோ எங்கே இருக்கிறது என்று மீட்டர் கணக்கில் எழுதி இணையத்தில் வைத்தால், வேரோடு பிடுங்கிப் போகிறவருக்கு அது வழிகாட்டி ஆகிவிடும். ஆகவே அரிய இனங்களின் இடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி வெளியிடுவது வழக்கம். டார்வின் கோரில் இதற்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. எந்தத் தகவலை மறைத்தோம் என்று ஒன்று, எந்த அளவுக்குப் பொதுமைப்படுத்தினோம் என்று மற்றொன்று. 'துல்லியமான இடம் காப்பகத்தில் உள்ளது, ஆய்வாளர் கேட்டுப் பெறலாம்' என்று அதில் எழுதுவார்கள். 1866–67இன் அச்சுச் சீட்டும் இடத்தை மங்கலாக்கியது. ஆனால் மங்கலாக்கினோம் என்று அது சொல்லவில்லை, துல்லியமான விவரம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

அந்தத் தாள்களுக்கு இன்னும் வழி அடைபட்டுவிடவில்லை. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி நோல்ட்டி வைட்டின் சேகரிப்பையும் ரங்கையா, கோவிந்து ஓவியங்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து நூல்கள் எழுதியிருக்கிறார். வைட்டின் கட்டுரைகள், ஓவியங்களில் உள்ள குறிப்புகள், பழைய கையெழுத்துச் சீட்டு ஒட்டிய வேறு படிகள் ஆகியவற்றை ஒப்பிட்டால் சில தாள்களின் பிறப்பிடம் தெரியவரும். அப்போது பழைய கட்டத்தைத் தொட வேண்டியதில்லை. அதில் கிழக்கிந்தியத் தீபகற்பம் என்றே இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் குற்றாலம் என்று ஏறும். அதற்கடுத்த கட்டங்களில் பிழை எல்லை, எந்தச் சான்றை வைத்து, யார் கணித்தார், எந்த நாளில்.